கலையின் நோட்டில் ஏழாவது குறிப்பு

கலை, தினேஷ், இதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருவர் படித்துவிட்டு இன்னொருவருக்குக் கதையாகச் சொல்லக் கூடாது. அப்பா ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் கலை திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

கலைக்கு இதில் பாதி தெரியும். தினேஷுக்கு ஒன்றும் தெரியாது. பினாங்கில் ஒரு மாமா இருக்கிறார், அவர் பேச்சை எடுத்தால் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார் என்பது மட்டும் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் அம்மா செல்விக்கு ஒரே தம்பி, சேகர். அவனுக்கு நான் மாமா, உங்களுக்கு அவன் மாமா. பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்து அவன் போனபோது கலைக்கு நாலு வயது. மறு வருஷம் கலைக்குக் காது குத்த நாள் பார்த்தோம். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும், தோடும் தாய்மாமன்தான் போட வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு மாற்றே கிடையாது. சேகர் போன் செய்தான்.

"மாமா, ஓனரு இப்போ லீவு தர முடியாதுன்னுட்டாரு. தை பொறக்கட்டும், வந்துடறேன். தோடு வாங்கி வெச்சுக்கினு கீறேன். பாப்பாவ என் மடியில உக்கார வெச்சி குத்தலாம்."

மூன்று மாதம் பொறுத்திருக்கலாம். பத்திரிகை அடித்தாயிற்று, கோயிலில் சொல்லியாயிற்று, தள்ளிப்போட்டால் என் பக்கத்து உறவுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற கவலை எனக்கு. அந்தக் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். "மடிதான வோணும்? மடிக்கா பஞ்சம்?"

 சேகர் போனை வைத்துவிட்டான். அம்மாவின் பெரியப்பா மகன் ரவியின் மடியில் கலையை உட்கார வைத்துக் காது குத்தினோம். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. காது வலித்துத்தான் கலை அழுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஊசி வருவதற்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து சேகர் மாமா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த குழந்தை அது.

அதன் பிறகு பதினைந்து வருஷம் சேகர் ஊருக்கு வரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு போனில் பேசுவான், நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு. எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். இந்த வருஷம் கோடை விடுமுறையில், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில், கலை அடையாறு காலேஜ் தோழிகள் மூன்று பேரோடு பினாங்கு போனாள். "போ. ஆனா சேகரப் பாக்கக் கூடாது" என்று நான் சொன்னேன். சரிப்பா என்றாள். பாஸ்போர்ட் எடுக்கும்போது எனக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டுவிட்டாள். எனக்கெதுக்கு, நான் மந்தைவெளியைத் தாண்டுவதே மாம்பலத்துக்கு வேலைக்குப் போகத்தானே என்று திட்டினேன். திரும்பி வந்ததும், அடுத்து போகிறவர்களுக்கு உதவும் என்று நீட்டு நோட்டில் இருபது குறிப்பு எழுதினாள். வகுப்பில் எல்லோரும் படம் பிடித்துக்கொண்டார்களாம்.

அதில் சிலதை இங்கே எடுத்து எழுதுகிறேன். ஒன்று: பஸ்ஸில் சரியான சில்லறை போட வேண்டும், மீதி தர மாட்டார்கள். இரண்டு: கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். மூன்று: இறங்கியவுடன் அந்த ஊர் சிம் கார்டு வாங்கிப் போட்டுவிட வேண்டும், கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஏழு: லிட்டில் இந்தியாவில் கவரிங் தோடு ரொம்ப மலிவு, தங்கம் மாதிரியே இருக்கும், பேரம் பேசலாம். பதினொன்று: ஃபெர்ரியில் ஒரு தடவையாவது போக வேண்டும், மழை இல்லாத நாளாகப் பார்த்து.

ஏழாவது குறிப்பில் சொன்ன தோட்டைக் கலை காதிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். சின்னப் பூ, நடுவில் ஒரு சிவப்புக் கல். "இன்னாடா இது, கொழந்த போடற மாரி சின்னதா கீது" என்றேன். "இப்ப இதான்பா ஃபேஷன்" என்றாள். நானும் தலையாட்டினேன். பன்னிரண்டு வருஷமாகத் தி.நகரில் நகைக்கடை வாசலில் கதவு திறந்து விடுகிறவன் நான்.

புரட்டாசியில் ஒருநாள் அம்மாவுக்குப் பினாங்கிலிருந்து போன் வந்தது. பேசியவர் காதர் பாய், சேகரோடு அதே கடையில் சமையல் செய்கிறவர். சேகருக்குக் காலில் சர்க்கரைப் புண், அந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, உறவு யாராவது வந்தால் நல்லது என்றார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. கலைக்குப் பரீட்சை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ போனாலும் நான் போனாலும் அவன் சிரிப்பான். நீ போனாதான்யா அவனுக்கு ஆறும்" என்றாள்.

கலை நோட்டை என் பையில் வைத்தாள். அம்மா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை பாட்டிலில் போட்டு, மூன்று பிளாஸ்டிக் பை சுற்றிக் கொடுத்தாள். எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று போனில் சொன்ன வார்த்தைக்கு, அவன் கண் முழித்திருக்கும்போது, நேரில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

முதல் நாள்.

மதியம் இறங்கினேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவைக் கண்டதும் பழக்கத்தில் கை முன்னால் போய்விட்டது. நான் தொடுவதற்கு முன் அது தானாகத் திறந்துகொண்டது. எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு வழிவிட்டு, ஓரமாக நின்று வணக்கம் வேறு சொன்னேன். அந்த அம்மாளும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஏறினால் என்னிடம் நோட்டுத்தான் இருந்தது, சில்லறை இல்லை. முதல் குறிப்பிலேயே கோட்டை விட்டேன். டிரைவர் உண்டியலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பின்னால் ஏறிய தமிழ்ப் பெண் ஒருத்தி எனக்கும் சேர்த்துப் போட்டாள்.

"பரவால்ல அங்கிள், ஏறுங்க. ஊர்லேருந்தா? பசியாறிட்டீங்களா?"

அங்கே சாப்பிட்டாயா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். நம் ஊரில் பசியாறுவது என்றால் யாருக்கோ அன்னதானம் போட்ட மாதிரி இருக்கும். அங்கே காலையில் இட்லி தின்றாலும் பசியாறியதுதான். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. இன்னும் இல்லை என்றேன். பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

பஸ் சுத்தமாக இருந்தது. யாரும் தொங்கவில்லை, யாரும் யாரையும் "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. நம் ஊர் பஸ் என்றால் ஆஸ்பத்திரி வந்தால் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். கலையின் நோட்டில் 'கடைசி நிறுத்தத்தில் இறங்கவும்' என்று இருந்தது, அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். கடைசி நிறுத்தம் ஃபெர்ரித் துறை. ஆஸ்பத்திரி எப்போதோ வழியில் போய்விட்டது. நோட்டில் கடற்கரை இருந்தது, கோயில் இருந்தது, சுவர் ஓவியம் இருந்தது, மலை ரயில் இருந்தது. ஆஸ்பத்திரி இல்லை. விடுமுறைக்குப் போன பிள்ளை அதை ஏன் எழுதப் போகிறது?

திரும்பி நடந்தேன். வழி கேட்டுக் கேட்டு, ஒரு சந்தில் சுற்றி, மறுபடி வந்த இடத்துக்கே வந்து, ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது என் கடிகாரத்தில் நாலே முக்கால். வெளிச்சமும் மேகம் போட்ட நாலே முக்கால் மாதிரிதான் இருந்தது. ஏழு மணி வரை பார்வையாளர் நேரம் என்று காதர் பாய் சொல்லியிருந்தார். நிதானமாகப் படியேறினேன்.

வாசலில் இருந்த காவலாளி, வயதான மலாய்க்காரர், கையை நீட்டித் தடுத்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. சுவரைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் ஏழே கால். ஊருக்குப் போன் செய்ய வசதியாக இருக்கும், மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் கடிகாரத்தை மாற்றவே இல்லை. அலைச்சலில் அந்தக் கணக்கும் மறந்துபோயிற்று. அந்த ஊரில் ஏழு மணிக்கும் இருட்டாது என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

நான் கெஞ்சினேன். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். கோபமெல்லாம் இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். விடிந்தால் கல்யாணம் என்று கடை மூடும் நேரத்தில் ஓடி வருகிறவர்களிடம் நான் காட்டுகிற முகம்தான் அது. நானும் இப்படித்தான் சுவரைக் காட்டுவேன். திரும்பிப் படியிறங்கினேன்.

காதர் பாய் வேலை செய்யும் கடையைத் தேடிப் போனேன். ராமநாதபுரத்துக்காரர், அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், "செல்வி தங்கச்சி வீட்டுக்காரரா? உக்காருங்க தம்பி, மொத சாப்புடுங்க. அவன் தூங்குறான். நாளைக்கு வாற மனுசனப் பாக்க அவனும் கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்" என்றார். சோற்றின் மேல் ஐந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். இதற்கு அங்கே 'பஞ்சிர்' என்று பெயராம். வெள்ளம் என்று அர்த்தமாம்.

"எங்க ஊர்ல வெள்ளம்னா கட்டில் மேல ஏறிக்குவோம் பாய். இங்க சோத்து மேல வுடறீங்க" என்றேன்.

"உங்க மச்சானும் வந்த புதுசுல இதையேதான் சொன்னான்" என்றார். சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் தங்கும் அறை. சேகரின் கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. கடைக்குள் எடுத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சேகர். கீழே தரையில் கலை. அவள் தலை அவன் மடியில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. அவன் குனிந்து அவள் காதில் ஏதோ செய்துகொண்டிருக்கிறான். இரண்டு பேர் முகமும் சிரிப்பாக இருக்கிறது, கண் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது.

"மூணு நாளும் காலையில வந்துருச்சு புள்ள. தோழிமாரு பீச்சுக்குப் போச்சு, இது இங்கன வந்துச்சு" என்றார் காதர் பாய். "பதினஞ்சு வருசமா டப்பாவுல வச்சிருந்தான் அந்தத் தோட்ட. எத்தன கஷ்டம் வந்துச்சு, அதை மட்டும் அடகுக்குக் கொண்டுபோவல. 'இனிமே மடியில ஒக்கார முடியாதே மாமா'ன்னுச்சு அந்தப் புள்ள. அப்பறம் அதுவாவே கீழ உக்காந்து தலைய வச்சுக்கிருச்சு. திருகாணிய அவன் திருகுறான், சுத்தவே மாட்டேங்குது. நாந்தான் படம் புடிச்சேன்."

தலையணைக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருந்தது. உள்ளே ரோஸ் நிறத் தாளும் பஞ்சும். தாளில் இரண்டு சின்னப் பள்ளம் அப்படியே பதிந்திருந்தது.

கலை, நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று அப்போது எனக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. நகைக்கடை வாசல்காரனுக்குத் தன் பெண் காதில் கிடக்கும் தங்கம் தெரியவில்லை என்றால், அவன் பெண்ணின் காதை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம். கடிகாரத்தை எடுத்து இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்தேன்.

இரண்டாம் நாள்.

பகல் பன்னிரண்டரைக்குக் கதவு திறப்பார்கள். பதினோரு மணிக்கே போய் நின்றேன். அதே காவலாளி. என் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். கட்டை விரலை உயர்த்தினார்.

கட்டிலில் கிடப்பது சேகர்தான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கடைசியாகப் பார்த்தது, மெரினா மணலில் கபடி ஆடுகிற உடம்பு. இது ஒரு போர்வையும் இரண்டு கண்ணும்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"இன்னா மாமா, டூட்டிக்கு லீவா? அங்க கதவ யாரு தொறக்கறது?"

"அவங்களே தொறந்துக்கினு வரட்டும்."

"நக கட வாசல்லயே நின்னு நின்னு நீயும் பளபளன்னு ஆயிட்ட."

"உனக்கு வாய் மட்டும் அப்டியே கீது."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. நான் தண்ணீர் கொடுத்தேன். பையிலிருந்து தொக்கு பாட்டிலை எடுத்தேன். சாப்பிடக் கூடாது என்று எழுதி மாட்டியிருந்தார்கள்.

"துன்ன மாட்டேன் மாமா. மூடிய மட்டும் தொற" என்றான்.

திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். "நொச்சிக்குப்பத்து நெத்திலி. ரோட்டோரம் அந்த மஞ்ச பொடவ ஆயா கிட்ட வாங்கினதா?"

"அந்த ஆயா பூட்டுது. இப்ப அது பொண்ணு விக்குது."

"அதுவும் தராசுல கை வெக்குதா?"

"ஆயாவுக்கு மேல."

நர்ஸ் ஓடி வந்தாள். தமிழ்ப் பெண்தான். "என்னா அங்கிள் இது, வார்டு பூரா வாசம். மூடுங்க மொதல்ல."

"இன்னும் ரெண்டு நிமிசம், தங்கச்சி" என்றான் சேகர்.

அவள் பாட்டிலை எட்டிப் பார்த்தாள். "இத திறந்து வச்சிட்டு எங்கள வேல செய்யச் சொன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டு, மூடச் சொல்லாமலே போய்விட்டாள்.

இரண்டு நிமிஷம் கழித்து நானே பாட்டிலை மூடிப் பையில் வைத்தேன். பிறகு அவன் கேட்டான். "பாப்பா தோடு போட்டுக்கினு கீதா?"

"போட்டுக்கினு கீது. தங்கம்னு எனக்கு நேத்துதான் தெரியும்."

"கழட்டச் சொல்லாத மாமா."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "சேகர், அன்னிக்கி போன்ல நான்…" என்று ஆரம்பித்தேன்.

"சாயங்காலம் பேசிக்கலாம் மாமா. இப்ப மூச்சு வாங்குது. நாலரைக்குத் தொறப்பாங்க, வா. பேசணும், நெறய கீது." கண்ணை மூடி, மறுபடி திறந்தான். "அதுவரைக்கும் ரூம்ல குந்திக்கினு இன்னா பண்ணுவ? ஃபெர்ரில போயிட்டு வா. இம்மாந்தூரம் வந்துட்டு அதக்கூட பாக்கலன்னா அக்கா என்னத்தான் திட்டும்."

இரண்டு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். வாசலில் காதர் பாய், "சிம் கார்டு போட்டுக்கங்க தம்பி, அவசரம்னா கூப்புட" என்றார். நாலு நாளுக்கு எதற்கு, ரூமில் இருக்கும் பையன்களின் போனே போதும் என்றேன். மூன்றாவது குறிப்பு. கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று என் பெண் எழுதியே வைத்திருந்தாள்.

ஃபெர்ரியில் ஏறினேன். மெரினாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது கடலாகவே தெரியவில்லை. அலை இல்லை, ஏரி மாதிரி கிடந்தது. கால் மணி நேரத்தில் அக்கரை வந்தது. எதிரே ஒரு சீனக் கிழவர் பேத்திக்கு மீனைக் காட்டிக்கொண்டிருந்தார். காற்று நன்றாக இருந்தது. உங்கள் அம்மாவைக் கூட்டி வந்திருக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன், பிள்ளைகளே. மறைக்கவில்லை.

அக்கரையில் இறங்கித் திரும்ப வரிசையில் நிற்கும்போது வானம் கறுத்தது. பதினொன்றாவது குறிப்பில் மழை என்று எழுதியிருந்ததே. எதிர்க்கரை மறைகிற அளவுக்குக் கொட்டியது. படகை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு மலாயில் வந்தது. பக்கத்தில் நின்ற ஆள் கையால் படகு ஆடுவது போலக் காட்டி, காத்திரு என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலரை. நாலே முக்கால். ஐந்து. பாலம் வழியாக டாக்ஸியில் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாலம் இருப்பதே பிறகுதான் தெரியும்.

நான் வார்டுக்குப் போனபோது மணி ஆறு. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. வெளியே காதர் பாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு பத்துக்கு, தம்பி" என்றார். "நாலரையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தான். 'மாமா மழையில மாட்டிக்கிச்சு போல, வரட்டும், நான் இருக்கேன்'னான். அம்புட்டுத்தான்."

மூன்றாம் நாள்.

ஊருக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே செய்துவிடுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். கடைக்காரர்கள் எல்லாம் செய்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அடுப்படி ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். காதர் பாய் கடைசி வரை கூட நின்றார், போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. போனில் உங்கள் அம்மா. நீங்கள் இரண்டு பேரும் அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்தீர்கள்.

குளிப்பாட்டும்போது, காரியம் செய்கிற ஆள் திரும்பிக் கேட்டார். "சொந்தக்காரவங்க யாராச்சும் உக்காந்து தலைய மடியில தாங்கிக்கிடுங்க."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவன் தலையை என் மடியில் வைத்தார்கள். உடம்பு அப்படி வற்றியிருந்தும் தலை கனமாக இருந்தது. ஈரம் வேட்டி வழியாகத் தொடையில் இறங்கியது. சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்றானே, அந்தப் பேச்சை அப்போது குனிந்து பேசினேன். அவன் பங்குக்கு அவன் என்ன பேச வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது.

கொள்ளியும் நான்தான் வைத்தேன். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்தோம், அந்த அலையில்லாத கடலில்தான். ஒரு தோணிக்காரர் கூட்டிப் போனார். திரும்பும்போது ஃபெர்ரி எங்களைக் கடந்து போனது. யாரோ ஒரு குழந்தை எங்களுக்குக் கையாட்டியது. காதர் பாய் திருப்பிக் கையாட்டினார்.

சேகரின் பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு சட்டை, அம்மா கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம், அந்த டப்பா. சட்டைகளை ரூமில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். படத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது காதர் பாய், "பசியாறிட்டுப் போங்க தம்பி" என்றார். சாப்பிட்டேன். குழம்பை அதே மாதிரி ஊற்றினார். இரண்டு பேரும் வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, நீங்கள் இருவரும் இல்லாத நேரத்தில், டப்பாவை அம்மா முன்னால் வைத்தேன். அவள் திறந்து, ரோஸ் தாளில் இருந்த பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"உனுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவ வந்த அன்னிக்கே. தல வாரி வுடறப்போ திருகாணி கையில பட்டுது. கவரிங்குக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா கழட்டச் சொல்வ."

அது உண்மை. சொல்லியிருப்பேன். அந்தத் தோடு நம் வீட்டில் நாலைந்து மாதம் என் கண் முன்னால் நடமாடியது. அம்மாவும் பெண்ணும் எனக்குத் தெரியாமல் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்து, என்னிடம் மட்டும் மறைக்க வேண்டியதாக இருந்திருக்கிறது.

அம்மா டப்பாவை மூடி, பீரோவில் தன் கல்யாணப் புடவை வைக்கும் இடத்தில் வைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "மடியில வெச்சிக்கினு இருந்தியே, பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான். உலை வைக்கப் போய்விட்டாள்.

தினேஷ், உனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உனக்குச் சேகர் என்று ஒரு மாமா இருந்தார். உன்னை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் நீ மாமிசம் தின்ன மாட்டாய், மழையில் நனைந்தால் உனக்குச் சளி பிடிக்கும் என்பதெல்லாம் அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் மூன்று பேரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனீர்கள். எனக்குக் கால் வலி என்று சொல்லி நான் வரவில்லை. கால் வலி இல்லை. நீங்கள் சந்து திரும்பியதும், கதவைச் சாத்திவிட்டு, கலையின் நீட்டு நோட்டை எடுத்தேன். ஏழாவது குறிப்பைத் திறந்தேன். பேனாவால் 'கவரிங்' என்பதை அடித்தேன். 'மலிவு' என்பதையும் அடித்தேன். பக்கத்தில், என் கோணல் எழுத்தில், 'தாய்மாமன் போட்டது' என்று எழுதினேன். மை காயும் வரை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.